கடன்காரருக்குச் சோறு போட்ட கதை

ஒரு ஆளை ஜெயிலில் போடுவது இத்தனை கஷ்டம் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த ஆசையை நான் வளர்த்திருக்கவே மாட்டேன். பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் பர்ஸை அடித்தவனை அன்றைக்கே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். எனக்கு ஆறு லட்சத்து நாற்பதாயிரம் தர வேண்டியவரை உள்ளே அனுப்ப நாலு வருஷம் ஆயிற்று. அதிலும் கடைசியில் அவருடைய சாப்பாட்டுச் செலவை நானே கட்ட வேண்டியிருந்தது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் கூடப் பிறந்த தம்பியே, "சும்மா உடாதக்கா" என்றான். அவனுக்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

ஆம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு ஒரு சின்ன யூனிட் நடத்திக்கொண்டிருந்தேன். ஷூவின் மேல்பாகத்தை இங்கே அப்பர் என்பார்கள். காண்ட்ராக்டர் ஒருவர் வெட்டிய தோலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். என்னிடம் வேலை பார்த்த பதினோரு பெண்கள் அதைத் தைத்து அப்பர் ஆக்குவார்கள். அவர் அதைப் பெரிய கம்பெனிக்குக் கொடுத்துப் பணம் வாங்கி, ஜோடிக்கு இவ்வளவு என்று எனக்குத் தருவார். அவரும் எங்கள் சர்ச்தான். ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். என்னை வாய் நிறையத் 'தங்கச்சி' என்பார். அண்ணன் தங்கச்சிக்கு நடுவில் செக் எதற்கு, பாண்டு எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன். செக் வாங்கியிருந்தால், அது பணமில்லாமல் திரும்பியதும் வேறு மாதிரி கேஸ் போட்டிருக்கலாமாம். அதை வக்கீல் பிற்பாடு சொன்னார். சரக்கு எடுத்துப் போகும்போது டெலிவரி சலானில் அவர் போட்ட கையெழுத்துதான் எனக்கு மிஞ்சியது.

ஐந்து மாதம் சரக்கு போனது, பணம் வரவில்லை. "கம்பெனி பேமெண்ட் வரல தங்கச்சி. வந்ததும் மொத வேல உன்துதான்" என்பார். ஆறாவது மாதம் மூட்டை வருவதும் நின்றது. வாணியம்பாடியில் வேறு யூனிட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தபோது என் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பெண்களுக்குக் கடைசி இரண்டு மாதக் கூலியும் போனஸும் பாக்கி வைத்துவிட்டு மாடியைப் பூட்டினேன்.

பத்துப் பேர் திட்டிவிட்டு வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். பதினோராவது ஆள், என்னிடம் பதினாலு வருஷம் தைத்தவள், திட்டவில்லை. அவளுக்கு மட்டும் இருபத்தாறாயிரம் பாக்கி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகளை வேலூரில் நர்சிங் சேர்க்க வேண்டும் என்று சீட்டுப் போட்டு, போனஸையும் அதில் சேர்க்க நினைத்திருந்தவள். "கேஸ் போடறேன். மொதப் பணம் உனக்குத்தான்" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். "சரிக்கா" என்றாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு கோர்ட்டுக்கு வந்தாள். எனக்குத் துணைக்கு வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டரை வருஷத்தில் கேஸ் ஜெயித்தது. வட்டியோடு தர வேண்டும் என்று தீர்ப்பு. நான் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிப் போய் வக்கீல் ஆபீஸில் கொடுத்தேன். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "டிக்ரி வேற, துட்டு வேற மேடம்" என்றார்.

"ஜட்ஜே குடுக்கச் சொல்லிட்டாரே சார்?"

"சொல்லிட்டாரு. அவர் குடுக்கலன்னா? அதுக்குத்தான் ஈ.பி. போடணும். தீர்ப்ப நிறைவேத்தித் தாங்கன்னு தனியா ஒரு மனு."

அதாவது நான் ஜெயித்த கேஸை ஜெயித்ததாக ஆக்குவதற்கு இன்னொரு கேஸ். மைசூர்பாகைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

சொத்தை ஜப்தி செய்யலாம் என்று பார்த்தால் வீடு மனைவி பேரில், கார் மனைவி பேரில், பைபாஸ் பக்கம் வாங்கிய மூன்று மனையும் மனைவி பேரில். எல்லாம் எனக்குக் கடன்படுவதற்கு முன்பே எழுதியது. அந்த மனிதர் பேரில் ரேஷன் கார்டைத் தவிர ஒன்றும் இல்லை. "அப்போ அந்தம்மாவப் புடிச்சி உள்ள போடுங்க" என்றேன். வக்கீல் சிரித்தார். கடன் அந்த அம்மாவுடையது இல்லை, அப்படியே இருந்தாலும் பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை என்றார். மிஞ்சியது காண்ட்ராக்டரின் உடம்பு ஒன்றுதான். அதைப் பிடித்து சிவில் ஜெயிலில் வையுங்கள் என்று மனுப் போட்டோம்.

மனுப் போட்டதும் போலீஸ் ஜீப் வந்து அவரைத் தூக்கிப் போகும் என்று நினைத்தேன். முதலில் அவருக்கு ஒரு நோட்டீஸ் போகும் என்றார்கள். 'உங்களை ஏன் ஜெயிலில் போடக்கூடாது என்று வந்து காரணம் சொல்லுங்கள்' என்று கேட்கும் நோட்டீஸ். எனக்கு வந்த ஆத்திரத்தில், வெற்றிலைப் பாக்கும் வைத்து அழையுங்கள் என்று சொல்லிவிட்டேன். வக்கீல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நோட்டீஸ் கொண்டுபோவது அமீனா வேலை. கோர்ட் உத்தரவை வீடு தேடிப் போய்ச் சேர்க்கிற, தேவைப்பட்டால் ஆளையும் பிடித்து வருகிற ஊழியர் அவர். வேலையில் நிறைய வெயில் கண்ட மனிதர், சட்டத்தை ஒரு இஞ்ச் கூட மீற மாட்டார். முதல் தடவை போனபோது காண்ட்ராக்டர் சென்னையில் இருந்தார். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாம் தடவை எங்கே போனார் என்று வீட்டுக்கே தெரியவில்லை. கடைசியில் கோர்ட் அனுமதியோடு நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார் அமீனா. மறுநாள் நான் அந்தத் தெருவழியாகப் போனபோது, அதன்மேல் வேதவசனம் போட்ட காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் கைவேலை.

ஒட்டினாலும் நோட்டீஸ் நோட்டீஸ்தான். அடுத்த வாய்தாவுக்கு அவர் வந்தார். வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! காலர் கிழிந்த சட்டை, மூன்று நாள் தாடி, கையில் மருந்துக்கடை பாலிதீன் பை. நீதிபதி பேர் கேட்டதற்கே இரண்டு முறை இருமினார். "வசதி இல்லீங்க ஐயா. இருந்தா தங்கச்சிக்குத் தராம இருப்பனா?" என்று கும்பிட்டார். எனக்கே ஒரு கணம் பாவமாகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் எனக்குச் சட்டத்தின் அடுத்த படி தெரிந்தது. கையில் இல்லாதவனைக் கடனுக்காக ஜெயிலில் போட முடியாது. வசதி இருந்தும் தர மறுக்கிறான் என்று காட்டினால்தான் போடலாம். அதையும் கடன் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும். வக்கீல் எனக்கு நிதானமாக விளக்கினார். "ஏழையா இருக்கறது குத்தம் இல்ல மேடம். வெச்சிக்கினு இல்லன்றதுதான் குத்தம்." கேட்டபோது நல்ல சட்டம் என்றுதான் தோன்றியது. என் கேஸுக்கு மட்டும் வேறு சட்டமாக இருந்திருக்கலாம்.

"அவர்கிட்ட வசதி இருக்கறது ஊருக்கே தெரியும் சார்."

"ஊரு வந்து கூண்டுல ஏறுமா?"

ஏறவில்லை. அவருக்குத் தோல் விற்றவரைக் கேட்டேன். "எனக்கும் மூணு லட்சம் நிக்குது. சாட்சி சொன்னா அதுவும் போய்டும்" என்றார். வாணியம்பாடி யூனிட்காரர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் நானே ஒரு சாட்சியத்தைக் கண்டுபிடித்தேன். சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த காண்ட்ராக்டர், காலை மறந்துவிட்டார். ஷூவில் வாழ்நாளைக் கழித்த மனுஷன், ரப்பர் செருப்புப் போட மனம் வரவில்லை போலிருக்கிறது. உள்ளே கன்றுத்தோல் வைத்து, விளிம்பில் இரட்டைத் தையல் ஓடிய வெளிநாட்டு ஷூ. தைக்கிற எங்களுக்குத் தெரியாதா? "அவர் காலப் பாருங்க ஐயா, அந்த ஷூ பதினஞ்சாயிரம் ரூபா!" என்று கத்தினேன்.

நீதிபதி தெற்கத்திக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். நிமிர்ந்து எட்டிப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஐயா. முந்நூறு ரூபாய்க்குத் தெருவுல கூவி விக்கறான். இந்த ஊர்ல பிச்சை எடுக்கறவரும் இதத்தான் போட்டிருப்பாரு" என்றார். அவர் காலிலும் அதுதான், டவாலி காலிலும் அதுதான். என் வக்கீல் மெதுவாகக் காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வாய்தா கொடுத்தார். அதிலிருந்து காண்ட்ராக்டர் ரப்பர் செருப்பில்தான் வந்தார்.

இப்படியே வாய்தா ஓடிக்கொண்டிருந்தபோது அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு நாள் அவரவர் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் அதை ஏலம் விடுவார்கள். அங்கே விலை என்பது பொருளுக்கு இல்லை, கேட்கிற ஆளுக்கு. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரத்துக்குப் போகும். ஒருவர் கேட்ட பொருளை இன்னொருவர் மேலே கேட்டு வாங்கிவிட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் பேச்சு இருக்கும்.

அந்த வருஷம் ஒரு நாட்டுச் சேவல் வந்தது. காலைக் கட்டி மேஜைமேல் வைத்திருந்தார்கள். கோர்ட்டில் இருமுகிற மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எழுந்து, கணீரென்று "ஐந்நூறு!" என்றார். மருந்துப் பையைக் காணோம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். வாய் தானாகத் திறந்தது. "ஆயிரம்!" என்றேன்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவரும் பார்த்தார். சபை நடுவில், அதுவும் என்னிடம், விட்டுக்கொடுப்பாரா? "ரெண்டாயிரம்." நான் மூன்று. அவர் நாலு. பையன்கள் விசிலடித்தார்கள். போதகர் ஒலிபெருக்கியில், "உற்சாகமாய்க் கொடுங்கள்!" என்று இன்னும் ஏற்றிவிட்டார். ஏழாயிரத்தையும் தாண்டியது. கையில் நூற்று எண்பது ரூபாய்தான் இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "பத்தாயிரத்து ஐந்நூறு" என்றேன். அவர் பெஞ்சின்மேலேயே ஏறிவிட்டார். "பதினோராயிரம்!"

நான் உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் காதைப் பிளந்தது. அந்த ஐந்நூறை அவர் ஏற்றாமல் விட்டிருந்தால் சேவல் என் தலையில் விழுந்திருக்கும். பின்வரிசையில் என் பழைய தையல்காரி நின்றிருந்தாள். எல்லோரும் அவரைப் பார்த்துக் கைதட்ட, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெயித்த சந்தோஷத்தில் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள் பெயரை அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசிப்பார்கள். ஆகவே எனக்கு நாலு வருஷம் தராதவர், சேவலுக்கு ஆறே நாளில் கட்டிவிட்டார். சபைப் பொருளாளர் அவர் பெயரில் ரசீதும் கொடுத்தார். கோர்ட்டில் காட்ட எனக்கு வேண்டியிருந்த அத்தாட்சி அதுதான். ஆளுக்கு மேல் ஆள் விட்டுக் கெஞ்சியும் பொருளாளர் சாட்சிக்கு வர மறுத்தார். கோர்ட் சம்மன் போனதும் ரசீதுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைத்தான் குறுக்கு விசாரணை செய்தார்.

"அந்த ஏலத்துல நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எவ்வளவு வரைக்கும்?"

"பத்தாயிரத்து ஐந்நூறு."

"அப்போ உங்க கையில அவ்வளவு பணம் இருந்துச்சா?"

"இல்ல சார்."

"பணம் இல்லாமலே கேட்டீங்க?"

"ஆமா."

அவர் நீதிபதியைப் பார்த்துக் கையை விரித்தார். "பக்தியில கேக்கறது ஐயா. பணம் இருந்துதான் கேக்கணும்னு இல்லன்னு மனுதாரரே சொல்றாங்க. என் கட்சிக்காரரும் அப்படித்தான்."

"அவர் கட்டிட்டாரே சார்!" என்றேன்.

கோர்ட்டே சிரித்துவிட்டது. பணம் மனைவி கொடுத்தது என்று எதிர்த்தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். மனைவி கொடுத்ததாக எந்த அத்தாட்சியும் இல்லை. பொருளாளர் வேறு, தன்னை அறியாமல், "அய்யா இன்னாத்துக்கு அந்தம்மாவக் கேக்கணும்? ஆறு வருசமா சேவலு, ஆடு எல்லாமே அவருதான் எடுக்கறாரு" என்று பெருமையாகச் சொல்லி, ரசீதுகளைப் புரட்டிக் காட்டினார். எல்லாம் ரொக்கம். தீர்ப்புக்குப் பிறகு எடுத்தவை மட்டுமே முப்பத்தெட்டாயிரம். வசதி இருக்கிறது, கொடுக்க மனம்தான் இல்லை என்று நீதிபதி எழுதினார். கட்டுவதற்கு முப்பது நாள் கொடுத்தார். கட்டவில்லை. வாரண்ட் போட்டார்.

வாரண்ட் கையில் இருந்தால் போதும் என்று நினைத்தேனே, நான் ஒரு பைத்தியம். ஆளை அடையாளம் காட்ட அமீனாவோடு நானும் போனேன், ஆட்டோவுக்கு நான்தான் கொடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணி. வெளிக்கதவு பூட்டியிருந்தது. அவர் ஊரில் இல்லை என்று அந்த அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னார். "ஒடைங்க சார்" என்றேன். உள்ளே இருக்கிறார் என்பதற்கு ருசு இல்லாமல் கதவைத் தொட மாட்டேன் என்றார் அமீனா. எதிர்வீட்டு நிழலில் காத்திருந்தோம். பொழுது சாய்ந்தது. தெருவிளக்கு எரிந்ததும் மாடியில் காண்ட்ராக்டர் வந்து நின்றார், கையில் டீ டம்ளர்.

"இதோ ருசு சார், ஏறுங்க!"

அமீனா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சூரியன் எறங்கிடுச்சி மேடம். இனிமே விடியற வரைக்கும் வீட்டுக்குள்ள கால வெக்கக்கூடாது. சட்டம்."

மேலேயிருந்து, "ஸ்தோத்திரம் தங்கச்சி" என்று குரல் வந்தது. சாபம் கொடுக்கத் தெரிந்திருந்தால் அன்றைக்குக் கொடுத்திருப்பேன்.

கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது சர்க்கரை வியாதி. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். விடிந்ததும் ஸ்கூல் மைதானத்தில் கையை வீசி நடப்பார் என்று என் தையல்காரிதான் விசாரித்துச் சொன்னாள். வெளியில் எந்த நேரமும் பிடிக்கலாமாம். மூன்றாவது சுற்றில் அமீனா குறுக்கே போய் நின்று வாரண்டைக் காட்டினார். காண்ட்ராக்டர் ஓடவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறியபோது, "நீ ஓரமா உக்காரும்மா, காத்து வரும்" என்று எனக்கு இடம் விட்டார். ஆட்டோவுக்கும் நான்தான் கொடுத்தேன்.

கோர்ட்டில் இன்னும் இரண்டு வாரம் கேட்டார். ஒன்றரை வருஷம் கேட்டாயிற்று என்று நீதிபதி மறுத்தார். நாலு வருஷத்துக் கனவு. வேலூர் ஜெயிலுக்கு உத்தரவு எழுதப் போகிற நேரத்தில் பெஞ்ச் கிளார்க் தலையைத் தூக்கி, "சாப்பாட்டு பேட்டா கட்டியாச்சா?" என்றார்.

"யாரு?" என்றேன்.

"நீங்கதான்."

வக்கீல் என்னை வெளியே அழைத்துவந்து சொன்னார். சிவில் கைதிக்கு அரசாங்கம் சோறு போடாது. உள்ளே போடச் சொல்கிறவர்தான் போட வேண்டும். மாதம் பிறக்கும் முன்பே அந்த மாதத்துக்கு முன்பணம். ஒரு மாதம் கட்டாவிட்டாலும் விட்டுவிடுவார்கள். விட்ட பிறகு இதே தீர்ப்புக்கு மறுபடி பிடிக்க முடியாது. அதிகபட்சம் மூன்று மாதம் வைக்கலாம். "கடன் மட்டும் அப்படியே இருக்கும், கவலப்படாதீங்க" என்றார்.

முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரிடம் கத்தினேன். சொன்னாராம், நான்தான் எப்போதும் ஜெயில் ஜெயில் என்று குதித்துக்கொண்டிருந்தேனாம். அதுவும் உண்மையாக இருக்கலாம். அன்றைக்கு என் பையில் பணம் இருந்தது. முந்தின வாரம்தான் மாடியிலிருந்த மெஷின்களில் ஒன்றை, வக்கீல் பீஸுக்கும் வாரண்ட் செலவுக்கும் என்று ஒன்பதாயிரத்துக்கு விற்றிருந்தேன். மாதத்தில் மிச்சமிருந்த நாட்களுக்குக் கணக்குப் போட்டு, மூவாயிரத்துச் சொச்சம் எண்ணிக் கட்டினேன். சர்க்கரை இருப்பதால் சப்பாத்தி வேண்டும் என்று அவர் உள்ளேயிருந்து சொல்வது எனக்குக் கேட்டது.

ரசீதோடு வெளியே வந்தேன். மரத்தடி பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். "உள்ள போயிட்டான்!" என்று அவள் தோளைக் குலுக்கினேன். அவள் ரசீதை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், மெதுவாகத்தான் படித்தாள்.

"இது இன்னாக்கா?"

சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், பார் அநியாயத்தை என்று.

"துட்டு ஏது?"

"ஒரு மெஷின வித்தேன்."

அவள் ரசீதை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க கூலிக்கு மெஷின விக்கச் சொன்னப்ப, யூனிட்ட மறுபடி தொறக்கணும், விக்க மாட்டேன்ன. சேவலுக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு கேட்ட. இப்போ அந்தாளுக்கு மூணு வேளையும் சோறு போடற. என் பொண்ணுக்கு நர்சிங் காலேஜுல பீஸ் கட்டலன்னு பரீட்சைக்கு ஹால் டிக்கெட் தர மாட்டேன்றாங்க. இந்த மாசம் முப்பதாந்தேதிதான் கடைசி. நானும் நாலு வருசமா உள்ள உக்காந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். வசதி இருந்தும் தர மாட்டேன்றவங்கன்னு சொல்றாங்களே, அது யாருக்கா?"

என் மாடியில் அப்போதும் பதினோரு மெஷின் துணி போர்த்தி நின்றுகொண்டிருந்தன. அவள் வாய்தா தவறாமல் வந்தது எனக்குத் துணைக்கு இல்லை, தன் காசு எங்கே போகிறது என்று பார்க்கத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

அந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி இன்னொரு மெஷினை விற்றேன். அதற்கும் ஒன்பதாயிரம். வக்கீல் போன் செய்து, நாளைக்குள் அடுத்த மாதச் சாப்பாட்டுப் பணம் கட்டாவிட்டால் ஆள் வெளியே வந்துவிடுவார், அப்புறம் பிடிக்கவே முடியாது என்று இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். "தெரியும் சார்" என்று வைத்துவிட்டேன். அந்த மனிதர் மாடியில் டீ குடிக்கிற காட்சி கண்முன்னால் வந்து வந்து போயிற்று. பணத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

காண்ட்ராக்டர் முதல் தேதியன்று வெளியே வந்தார். உள்ளே அளவான சாப்பாட்டில் சர்க்கரை குறைந்து முகம் தெளிந்திருந்தது என்று சர்ச்சில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வர வேண்டிய பணத்தில் இன்றுவரை ஒரு பைசா வரவில்லை.

நான் பணம் கொண்டுபோன அன்றைக்கு அவள் வாசலில் நின்றே வாங்கிக்கொண்டாள். உள்ளே மகள் படித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கைக்குட்டையைப் பிரித்து, விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணினாள். நன்றி என்று ஏதாவது சொல்வாள் என்று நான் நின்றேன். எண்ணி முடித்து, கைக்குட்டையை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒம்போது சரியா இருக்குதுக்கா. மீதி பதினேழு எப்போ?"